தோரணமும் அஞ்ஞானமும்

கிறிஸ்துமஸ் ஓர் அஞ்ஞானப் பண்டிகை என்பது மதத்துக்கு வெளியே நின்றவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ரோமானியரின் சூரிய விழாவைத் திருச்சபை தன்னுடையதாக்கிக்கொண்டது; பச்சை இலையும் மரமும் விளக்கும் பழைய தெய்வங்களின் மிச்சம்; ஆகவே கிறிஸ்தவன் கொண்டாடுவது அவனுடையதே அல்ல. இப்படி எழுதிவிட்டால் ஒரு முகமூடியைக் கிழித்துவிட்டதாக எழுதுகிறவனுக்கு ஒரு திருப்தி. இந்த வாதத்தின் சரித்திரத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் அந்தத் திருப்தி நிலைக்காது. வாதம் கிறிஸ்தவர்களுடையது. ஒருவர்மேல் ஒருவர் வீசுவதற்காக அவர்கள் உண்டாக்கிக்கொண்டது. அதைக் கையிலெடுக்கிற நாத்திகன் தன்னையறியாமல் பதினேழாம் நூற்றாண்டுப் பிரசங்கி ஒருவரின் அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

வாதம் யாரிடமிருந்து வந்தது என்பதால் அது பொய்யாகிவிடாது. பிறந்த இடத்தை வைத்து ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் இக்கட்டுரையின் கட்சி. வாதத்துக்கும் அந்தச் சலுகை உண்டு. ஆனால் 'அஞ்ஞானம்' என்ற சொல்லை எந்தக் காலத்தில், யார், எதை அகற்றுவதற்காக உபயோகித்தார்கள் என்று பார்ப்பது வேறு விஷயம். அப்படிப் பார்க்கும்போது பண்டிகையின் மூலத்தைவிட, மூலத்தைத் தேடுகிற மனோபாவமே நமக்கு முக்கியமாகிவிடுகிறது.

1

கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் தெர்த்தூலியன் விக்கிரக ஆராதனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு குறை வருகிறது. சக்கரவர்த்தியைக் கௌரவிக்கும் நாட்களில் நகரத்து வாசல்களில் விளக்கு ஏற்றுகிறார்கள், லாரல் இலைத் தோரணம் கட்டுகிறார்கள். இது அஞ்ஞானிகளின் பழக்கம். ஆனால் விளக்கும் இலையும் இல்லாத வாசல்களைத் தேடிப்போனால் கிறிஸ்தவர்களின் வாசல்களைவிட அஞ்ஞானிகளின் வாசல்களே அதிகமாக இருக்கின்றன. சாட்டர்னாலியா விழாவிலும் புத்தாண்டிலும் பரிசுகள் போய்வருகின்றன. அதிலும் கிறிஸ்தவர்கள் முன்னால் நிற்கிறார்கள்.

அவர் குறைப்பட்ட பண்டிகைகளில் கிறிஸ்துமஸ் இல்லை. கிறிஸ்துவின் பிறந்தநாளை அன்று யாரும் கொண்டாடியதற்குத் தடயம் இல்லை. அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்த ஒரிகென், வேதாகமத்தில் தன் பிறந்தநாளைக் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகளே என்று பிரசங்கித்தார். ஆக, இலை முதலில் வந்தது. பண்டிகை பின்னால், ஏற்கெனவே இலை தொங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குள் வந்தது. அலங்காரம் திருச்சபைக்கு முந்தியது என்பது இந்த அர்த்தத்தில் உண்மைதான்.

ஆனால் தெர்த்தூலியனின் வாதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கதவின் கீலுக்கு கார்டியா, கதவுக்கு ஃபோர்குலுஸ், வாசற்படிக்கு லிமென்டினுஸ், வாசலுக்கே யானுஸ் என்று ரோமானியர்கள் வைத்திருந்த தெய்வங்களை அவர் பெயர் பெயராகச் சொல்கிறார். வாசலில் கட்டும் இலை இவர்களுக்குப் போய்ச் சேருகிறது என்பது அவர் கட்சி. இலை கட்டிய கிறிஸ்தவனுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருந்தனவா, தெரிந்திருந்தாலும் அவன் நினைவில் அவை இருந்தனவா என்பது சந்தேகம். அவனுக்கு அது ஊர் கொண்டாடும் நாள். அண்டைவீட்டான் கட்டினான், தானும் கட்டினான். கீலுக்குள் இருந்த தெய்வத்தை மறக்காமல் வைத்திருந்தவர் கண்டித்தவர்தான். இந்த வினோதம் பின்னால் வரும் பதினெட்டு நூற்றாண்டுகளிலும் தொடர்கிறது. பழைய தெய்வங்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அவற்றின் விரோதிகள்.

2

கிறிஸ்துவின் பிறந்தநாள் டிசம்பர் 25 என்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத மிகப் பழைய ஆதாரம், ரோமில் 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கம். ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர் வாலென்டினுஸ் என்ற ஒரு கிறிஸ்தவருக்காகத் தயாரித்தது. அதில் இரண்டு வெவ்வேறு பட்டியல்களில் டிசம்பர் 25 வருகிறது. ஒன்று நகரத்தின் பொது நாட்காட்டி: 'வெல்லப்படாதவனின்' பிறந்தநாள், முப்பது தேர்ப்பந்தயங்கள் என்று குறித்திருக்கிறது. மற்றது ரோமத் திருச்சபை தன் தியாகிகளை நினைவுகூரும் நாட்களின் பட்டியல்: அதன் முதல் வரியே பெத்லகேமில் கிறிஸ்து பிறந்ததைச் சொல்கிறது. இந்த இரண்டாவது பட்டியல் 336-இல் உருவானது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் மற்றதைப் பெற்றெடுத்தது என்பதற்குப் புத்தகத்துக்குள் சாட்சி இல்லை. சக்கரவர்த்தி அவுரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குப் பெரிய கோயில் எழுப்பினான். அது டிசம்பர் 25-இல் பிரதிஷ்டை ஆயிற்று என்று எத்தனையோ புத்தகங்கள் எழுதிவிட்டன. நாளைச் சொல்லும் அக்காலத்துச் சாசனம் எதுவும் கிடையாது. 354-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் ஒரு வரியை எண்பது ஆண்டுகள் பின்னுக்கு நகர்த்தியதால் கிடைத்த நாள் அது.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. பிரெஞ்சுச் சரித்திராசிரியர் லூயி துஷேன் 1889-இல் முன்வைத்தது. லத்தீன் கிறிஸ்தவர்கள் இயேசு இறந்த நாளை மார்ச் 25 என்று கணக்கிட்டிருந்தார்கள். தேவனுடைய காரியங்களில் அரைகுறை ஆண்டுகள் இராது; ஆகவே அவர் கருவான நாளும் மார்ச் 25. அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டு நாட்களையும் இப்படிச் சேர்த்தே சொல்கிறார். நாளை முதலில் நிர்ணயித்தவர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி இல்லை என்பது இந்த விளக்கத்தின் பலவீனம். சூரிய விளக்கத்துக்கும் அதே பலவீனம். ஜூலியன் நாட்காட்டியில் பகல் வளரத் தொடங்கும் நாள் டிசம்பர் 25 என்பது மரபு. அந்த நாளின் கவர்ச்சி இரு தரப்பாரையும் தனித்தனியே இழுத்திருக்கவும் கூடும்.

அப்படியானால் திருச்சபை சூரிய விழாவைக் களவாடியது என்று முதலில் பகிரங்கமாகச் சொன்னது யார்? பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிரியன் ஆயர் தியோனீசியுஸ் பார் சாலிபியின் நூலோடு சேர்ந்து வந்திருக்கும் ஓர் ஓரக்குறிப்பு. எழுதிய கை யாருடையது என்று பெயர் இல்லை. கீழைத் திருச்சபைகளில் சில கிறிஸ்துவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் ஜனவரி 6-இல் சேர்த்துக் கொண்டாடிவந்தன; ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அப்படியே கொண்டாடுகிறது. டிசம்பர் 25-இல் அஞ்ஞானிகள் சூரியனின் பிறந்தநாளுக்கு விளக்கேற்றினார்கள், கிறிஸ்தவர்களும் போய்க் கலந்துகொண்டார்கள், ஆகவே குருமார்கள் நாளை மாற்றிவிட்டார்கள் என்கிறது ஓரக்குறிப்பு. ஆகக் குற்றச்சாட்டு பிறக்கும்போதே இரண்டு கிறிஸ்தவ நாட்காட்டிகளுக்கு நடுவே, எங்கள் நாள் பழையது, உங்கள் நாள் கலப்படம் என்ற தகராறில்தான் பிறக்கிறது. சம்பவத்துக்கும் சாட்சிக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள். நம் பத்திரிகைக் கட்டுரைகள் இதைக் கண்ணால் கண்ட சாட்சியாகத் தருகின்றன.

சூரியன் கிறிஸ்துமஸுக்குள் நுழையவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ தன் கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றில், புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறிய விசுவாசிகள் உள்ளே போகுமுன் திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்குகிறார்கள் என்று வேதனைப்பட்டார். அவர்கள் சூரியனை வணங்கினார்களா, சூரியனைப் படைத்தவரை வணங்கினார்களா? இரண்டாவதாக இருக்கலாம் என்று லியோவே ஒப்புக்கொள்கிறார். இருந்தாலும் பார்ப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களே என்பது அவர் கவலை. ஒரு தலையசைப்பின் அர்த்தத்தை யார் நிச்சயிப்பது — அசைத்தவனா, அசைப்பதைப் பார்த்தவனா? பிரச்னை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

3

ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு பாதைகள் தெளிவாகப் பிரிகின்றன. இன்றைய போர்ச்சுகலில் உள்ள பிராகாவின் ஆயர் மார்ட்டின் 572-ஐ ஒட்டித் தொகுத்த விதிகளில், ஜனவரி முதல் நாள் அனுஷ்டானங்களையும், வீட்டைச் சுற்றி லாரலோ வேறு பசுமையோ கட்டுவதையும் தடுக்கும் விதி ஒன்று இருக்கிறது. அதற்கு முப்பது ஆண்டு கழித்து, 601-இல், போப் கிரகோரி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லிட்டுஸ் என்ற துறவிக்கு ஒரு கடிதம் எழுதினார். பீட் தன் சரித்திரத்தில் அதைக் காப்பாற்றித் தந்திருக்கிறார். கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் விக்கிரகங்களை மட்டும் அகற்றுங்கள் என்பது கடிதத்தின் சாரம். ஜனங்கள் மாடு வெட்டிப் பழகியிருக்கிறார்கள். வெட்டட்டும், பேய்களுக்கு அல்லாமல் தேவனுக்கு நன்றி சொல்லி உண்ணட்டும். பழைய கோயிலாக இருந்து ஆலயமாக மாறியதைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டுக்கொண்டு திருநாள் கொண்டாடட்டும்.

இந்தக் கடிதத்துக்குச் சற்று முன்னால்தான் அதே கிரகோரி கென்ட் நாட்டு அரசன் எதல்பெர்ட்டுக்கு எழுதியபோது கோயில்களை இடிக்கச் சொல்லியிருந்தார். யோசித்துப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டார். திருச்சபையின் தந்திரம் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. தாராள மனம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டும் கலந்ததுதான். ஆனால் மார்ட்டினும் கிரகோரியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிளைப்பந்தலை ஒருவர் தடுக்கிறார், மற்றவர் அனுமதிக்கிறார். பந்தல் போடுகிறவனின் அபிப்ராயத்தை இருவரும் கேட்கவில்லை. பொருளுக்கு அர்த்தம் சூட்டும் அதிகாரம் ஆயரிடம் இருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

4

லண்டனைப் பற்றி 1598-இல் எழுதிய ஜான் ஸ்டோ, கிறிஸ்துமஸ் காலத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பங்கு ஆலயமும் முள்ளிலை ஹாலியும் ஐவிக் கொடியும் பே இலையும் கட்டியிருக்கும் என்று குறித்திருக்கிறார். ஐம்பது ஆண்டுக்குள் அது தண்டனைக்குரிய காரியமாயிற்று.

பியூரிட்டன்களின் கட்சியை நாம் கேலிச்சித்திரமாகவே அறிந்திருக்கிறோம். அவர்கள் சொன்னது மூன்று. முதலாவது, வேதத்தில் கட்டளை இல்லாததை ஆராதனையில் சேர்க்க மனிதனுக்கு உரிமை கிடையாது. டிசம்பர் 25 வேதத்தில் இல்லை. இரண்டாவது, பன்னிரண்டு நாள் குடியும் சூதும் கூத்தும் கிறிஸ்துவின் பெயரால் நடக்கின்றன. மூன்றாவது, இவை எல்லாம் சாட்டர்னாலியாவின் தொடர்ச்சி. வில்லியம் பிரின் 1633-இல் நாடகங்களுக்கு எதிராக எழுதிய பிரம்மாண்டமான நூலில் இந்த மூன்றாவது வாதம் விரிவாக வருகிறது. அந்த நூலில் அரசியை அவமதித்தார் என்று அடுத்த ஆண்டு அவர் காதுகளை அறுத்தார்கள். முதல் வாதம் அவர்களுடைய இறையியல்; அதை ஏற்றவனுக்கு மூன்றாவது தேவையே இல்லை. இரண்டாவதைக் கண்ணால் பார்க்கலாம், விவாதிக்கலாம். மூன்றாவதுதான் துண்டுப் பிரசுரங்களில் அதிகம் ஓடியது. படிக்காத ஒருவனின் சந்தோஷத்தைப் படித்த ஒருவன் ஒரே வாக்கியத்தில் குற்றமாக்கிவிட அது உதவியது.

1644-இல் கிறிஸ்துமஸ் மாதாந்திர உபவாச நாளில் வந்தது. உபவாசத்தையே அனுசரிக்க வேண்டும் என்று பார்லிமெண்ட் உத்தரவிட்டது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றும் ரத்தாயின. செய்தது பார்லிமெண்ட், ஜனங்களின் ஞாபகத்தில் குற்றவாளி கிராம்வெல். வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பதைப் பார்லிமெண்ட் மறக்கவில்லை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை விடுமுறை ஆக்கியது. இதில் ஒரு நேர்மை இருக்கிறது, ஒரு குருட்டுத்தனமும் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கதை கிடையாது. வாசலில் கட்ட இலை கிடையாது.

அந்த டிசம்பரில் லண்டன் கார்ன்ஹில் தெருவின் தண்ணீர்த்தொட்டி மண்டபத்தில் தொழில் பழகும் பையன்கள் ஹாலியும் ஐவியும் கட்டினார்கள். அகற்ற நகரத்து மேயரே குதிரையில் வரவேண்டியிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டரின் புனித மார்கரெட் ஆலயத்தை ரோஸ்மேரியும் பே இலையும் கொண்டு அலங்கரித்ததற்கும், பிரசங்கத்தை அனுமதித்ததற்கும் ஆலய நிர்வாகிகளுக்கு அபராதம் விழுந்தது. கான்டர்பரியில் கிறிஸ்துமஸ் அன்று சந்தை கூட வேண்டும் என்று மேயர் அறிவித்தார். கடை திறந்த சிலரின் சரக்குகளை ஜனங்கள் தெருவில் எறிந்தார்கள், கால்பந்து ஆடினார்கள், வாசல்களில் ஹாலிக் கிளைகளை நட்டார்கள். கலகக்காரர்களை 1648 மே மாதம் விசாரித்தபோது ஜூரிகள் குற்றஞ்சாட்ட மறுத்தார்கள். அதைத் தொடர்ந்து கென்ட் மாகாணமே கிளர்ந்தது.

கான்டர்பரி வாசல்களில் இருந்த ஹாலி எந்தத் தெய்வத்தினுடையது? சாட்டர்னுடையதா, கிறிஸ்துவினுடையதா? 1646 டிசம்பரில் அது வழக்கம். 1647 டிசம்பரில் அது ராஜா கட்சியின் கொடி, நகராட்சிக்கு எதிரான சவால். தாவரம் மாறவில்லை. தடை அதன் அர்த்தத்தை மாற்றியது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதற்கு என்ன பொருள் இருந்தது என்ற ஆராய்ச்சி அன்று அந்தத் தெருவில் யாருக்கும் பயன்பட்டிருக்காது.

அட்லாண்டிக்கைத் தாண்டிய பியூரிட்டன்களிடம் தடுக்க ஒரு பழைய உலகமே இல்லை, இருந்தும் தடுத்தார்கள். பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் 1621 கிறிஸ்துமஸ் அன்று எல்லோரையும் வேலைக்கு அழைத்தார். புதிதாக வந்த சிலர், அன்று வேலை செய்வது எங்கள் மனசாட்சிக்கு விரோதம் என்றார்கள். விட்டுவிட்டுப் போனார். மத்தியானம் திரும்பியபோது அவர்கள் தெருவில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வேலை செய்யும்போது நீங்கள் ஆடுவது என் மனசாட்சிக்கு விரோதம் என்று சொல்லி ஆட்டச் சாமான்களை வாங்கிக்கொண்டார். மாசசூசெட்ஸ் 1659-இல் சட்டமே போட்டது: வேலையை நிறுத்தியோ விருந்து வைத்தோ கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-இல் அது ரத்தாயிற்று. பாஸ்டனின் போதகர் இன்கிரீஸ் மேத்தர் 1687-இல் எழுதிய நூலில், ரோமில் சாட்டர்னாலியா நடந்துகொண்டிருந்ததால்தான் கிறிஸ்தவர்கள் அந்த நாளைத் தேர்ந்தார்கள் என்ற வாதத்தை இன்று நாம் கேட்கும் வடிவத்திலேயே வைத்துவிட்டார். நம் பத்திரிகைகள் அதற்குமேல் அதிகம் சேர்க்கவில்லை.

5

மரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. மரம் அஞ்ஞானத்தின் எச்சம் என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் மிகக் குறைவு. அல்சாஸ் பிரதேசத்தின் செலெஸ்தா நகரக் கணக்கில் 1521-இல் கிறிஸ்துமஸுக்கு மரம் வெட்டாமல் காவல் காத்ததற்குக் கூலி எழுதியிருக்கிறது. 1605-ஐச் சேர்ந்த ஒரு குறிப்பு, ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் ஃபர் மரங்களை நிறுத்திக் காகித ரோஜாவும் ஆப்பிளும் தின்பண்டங்களும் தொங்கவிட்டதைச் சொல்கிறது. இது ஜெர்மன் காட்டு மனிதர்களின் வழிபாடு அல்ல. லூத்தரன் நகரத்து வீடுகளின் பழக்கம். 1640-களில் ஸ்ட்ராஸ்பர்க் இறையியலாளர் தான்ஹவர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று கடிந்துகொண்டார். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றார். கண்டித்தவரே மூலம் தெரியாது என்கிறார். அஞ்ஞானம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

மூலத்தைக் கண்டுபிடித்துத் தந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. யாக்கோப் கிரிம் 1835-இல் ஜெர்மானியப் புராணவியலை வெளியிட்ட பிறகு, கிராமத்துப் பழக்கம் ஒவ்வொன்றுக்கும் அடியில் பழைய தெய்வம் ஒன்றைத் தோண்டுவது ஜெர்மன் படிப்பாளிகளின் தொழிலாயிற்று. அவர்களுக்கு அது அவமானம் அல்ல, பெருமை. அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்புரோத் ஊர்ப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப், கத்தோலிக்க மதம் முழுவதும் பாபிலோனின் விக்கிரக வழிபாடே என்று நிரூபிக்கக் கிளம்பினார். 1853-இல் துண்டுநூலாகவும் 1858-இல் பெரிய நூலாகவும் வந்த அவருடைய 'இரு பாபிலோன்கள்' நிம்ரோதையும் செமிராமிஸையும் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பெற்றோர் ஆக்கியது. ஆப்பெழுத்தைப் படிக்க முடியும் என்று நான்கு அறிஞர்கள் தனித்தனியே மொழிபெயர்த்துக் காட்டியது 1857-இல். ஹிஸ்லப்பின் பாபிலோன் அதற்கு நான்கு ஆண்டு முன்பே கட்டிமுடிந்திருந்தது. மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பதைப் பழிக்கும் எரேமியா பத்தாம் அதிகாரத்தைக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு எதிராகக் காட்டுகிறார்கள். தீர்க்கதரிசி பேசுவது மரத்தைச் செதுக்கிச் செய்த விக்கிரகத்தைப் பற்றி. 1926 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடிவந்த யெகோவாவின் சாட்சிகள் அதன் பின் கைவிட்டது இந்த வகை வாதங்களால்தான். தமிழ்நாட்டிலும் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகள் சிலவற்றில் டிசம்பர் மாதம் கேட்கும் பிரசங்கத்தில் நிம்ரோத் வருகிறான், ஆர்புரோத்திலிருந்து வருகிறான்.

பெருமையாகத் தோண்டியவர்களின் வழி எங்கே போய் முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாஜிகளில் ஒரு சாரார் கிறிஸ்துமஸிலிருந்து கிறிஸ்துவை அகற்றி அதை ஆதி ஜெர்மானிய யூல் விழாவாக மீட்க முனைந்தார்கள். ஹிம்லரின் எஸ்.எஸ். படையினருக்குக் களிமண்ணாலான யூல் விளக்கு பரிசாகப் போயிற்று. வதைமுகாம் கைதிகளின் கைகளும் அந்த விளக்குகளைச் செய்தன. ஹிஸ்லப் அருவருத்ததை இவர்கள் கொண்டாடினார்கள். ஒரு பொருளின் உண்மை அதன் ஆதியில் இருக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒன்று.

6

அஞ்ஞானம் என்ற தமிழ்ச் சொல்லுக்கு இந்தச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. லத்தீன் சொல்லான 'பாகானுஸ்' நாட்டுப்புறத்தானைக் குறித்தது. தமிழில் அதன் வேலையைச் செய்ய வந்த சொல் அறியாமையைக் குறித்தது. தரங்கம்பாடி அச்சகம் 1713-இல் வெளியிட்ட ஸீகன்பால்குவின் துண்டுநூலின் பெயரே 'அக்கியானம்'. நூறு ஆண்டு கழித்துத் தஞ்சாவூரில் அந்தச் சொல் பூவின் மேல் விழுந்தது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரின் பள்ளித்தோழர். கோயிலும் அரசவையும் வளர்த்த குறவஞ்சி வடிவத்தைப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனவர். 1820-களின் இறுதியில் அவர் புதிதாக வந்த மிஷனரிமாரை எதிர்த்து எழுதினார். அவர்கள் செய்யும் கொடுமைகள் நான்கு என்று வகுத்தார். பழைய வேதமொழிபெயர்ப்பைத் திருத்துவது ஒன்று. ஜாதி வித்தியாசத்தை விட்டு எல்லோரும் ஒன்றாக வேண்டும் என்று வற்புறுத்துவது ஒன்று. கல்யாணத்திலும் சாவிலும் பூ உபயோகிப்பதைத் தடுப்பது ஒன்று. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்துவது ஒன்று.

இந்தப் பட்டியல் நம்மைச் சங்கடப்படுத்த வேண்டும். பூவுக்கும் பாட்டுக்கும் வாதாடும்போது அவர் பக்கம் நிற்கத் தோன்றுகிறது. அடுத்த வரியிலேயே அவர் ஜாதிக்கு வாதாடுகிறார். அவரைப் பொறுத்தவரை இவை ஒரே ஆசாரத்தின் அங்கங்கள். மிஷனரிகளுக்கும் அப்படியேதான்: எல்லாம் அஞ்ஞானத்தின் மிச்சம், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் களைய வேண்டும். ஆயர் டானியல் வில்சன் 1833-இல் ஜாதியைக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சைச் சபை பிளந்தது.

இங்கேதான் 'மூலம்' என்ற அளவுகோலின் தோல்வி அப்பட்டமாகத் தெரிகிறது. ஜாதி தவறானது அது அஞ்ஞானிகளிடமிருந்து வந்தது என்பதால் அல்ல. நற்கருணைக் கிண்ணம் ஒருவன் உதட்டில் பட்ட பிறகு இன்னொருவன் உதட்டுக்குப் போகக்கூடாது என்று அது சொன்னதால். பரிசுத்த பேதுருவே அதைக் கற்பித்திருந்தாலும் அது தவறாகவே இருந்திருக்கும். மணப்பெண்ணின் தலையில் பூ குற்றமற்றது என்பது அது கோயிலில் தொடங்கவில்லை என்பதால் அல்ல. கோயிலிலேயே தொடங்கியிருந்தாலும் அது யாரையும் வெளியே நிறுத்தவில்லை. பூவையும் ஜாதியையும் ஒரே சொல்லால் சுட்டியதால் மிஷனரி பூவையும் பறித்தார். அதே சொல்லை மறுத்ததால் கவிராயர் ஜாதியையும் காப்பாற்றப் பார்த்தார். அஞ்ஞானம் என்ற சொல் இருவர் கண்ணையும் மறைத்தது. பூவும் ஜாதியும் இன்று, இங்கே, மனிதர்களுக்கு என்ன செய்கின்றன என்ற ஒரே கேள்வி இருவராலும் கேட்கப்படாமல் போயிற்று.

நம் இலக்கியச் சர்ச்சைகளிலும் இதே அளவுகோல் வேறு பெயரில் புழங்கியது. புதுக்கவிதை மேற்கிலிருந்து இறக்குமதியானது, ஆகவே போலி என்றார்கள். பதிலுக்கு, இல்லை, சங்கக் கவிதையிலேயே இருக்கிறது, ஆகவே அசல் என்றார்கள். குற்றம் சாட்டியவரும் எதிர்வாதம் செய்தவரும் பிறப்புச் சான்றிதழைத்தான் நீட்டினார்கள். முன்னால் இருந்த கவிதையை இரு தரப்பிலும் அதிகம் பேர் படிக்கவில்லை.

மூலத்தை அறிய வேண்டியதில்லை என்பதல்ல. 354-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தை நாம் சரியாகப் படிக்க வேண்டும். ஹிஸ்லப்பை ஹிஸ்லப் என்று அடையாளம் காண வேண்டும். பொய்யான வம்சாவளிகளைக் கலைப்பது சரித்திரத்தின் வேலை. அது முடிந்த பிறகும் தோரணம் வாசலில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். கட்டியவர் யார், எதற்காகக் கட்டினார், அந்த வாசலுக்குள் யாரை விடுகிறார், யாரை விடவில்லை என்பதை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.